சத்துவாச்சாரில ஒரு பழைய ராலே, கொசப்பேட்டைல ஒரு நூல்கண்டு

இங்கிலாந்துல லெஸ்டர்ல இருந்து ஊருக்கு, வேலூருக்குப் போயிருந்தேன். கல்யாணம் நல்லா நடந்துச்சு, ஆதார் வேலையும் முடிஞ்சுது, அதெல்லாம் விடுங்க, சைக்கிள் கதைய சொல்றேன்.

சத்துவாச்சாரில ஒருத்தர் பழைய ராலே (இங்கிலாந்து சைக்கிள் கம்பெனி) ரோடு பைக் விக்கிறாருன்னு மச்சான் போட்டோ அனுப்பிச்சான். வளைஞ்ச ஹேண்டில்பார், கழுத்துல ராலே பேட்ஜ், சீட் குழாய்ல ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர், விலை 18,000. 531-ன்னா 1935-ல ரெனால்ட்ஸ் கம்பெனி கொண்டாந்த லேசான ஸ்டீல் குழாய், அதுக்குன்னே இங்க லெஸ்டர்ல அலையிறானுங்க. மத்தியானம் ரெண்டு மணி வேலூர் வெயில்ல ஆட்டோ புடிச்சு ஓடினேன்.

"1955 மாடல் சார், ஆஸ்பத்திரிக்கு வந்த வெள்ளக்கார டாக்டர் ஓட்டுனது"ன்னாரு. பின் ஹப்ல இருந்த கிரீஸ கைக்குட்டையால தொடச்சுப் பாத்தா கம்பெனி பேரு ஸ்டர்மி ஆர்ச்சர், மாடல் AW, கூடவே 72. அந்தக் கம்பெனிக்காரன் ஹப்லயே வருஷத்த குத்திருவான். 72-ன்னு இருக்கேன்னு கேட்டா, "அது சைஸ் சார்"!

சரி, குழாய் எவ்ளோ தடிமன்னு தெரிய, சீட்ட தாங்குற கம்பிய, அதான் சீட் போஸ்ட்ட, கழட்டிப் பாக்கலாமான்னேன். கழட்டுனா ஒரிஜினாலிட்டி போயிடுமாம், நம்பிக்கை இல்லன்னா எப்படி சார்னு வேற கோச்சுக்கிறாரு. லெஸ்டர்ல செகண்ட் ஹேண்ட் விக்கிறவன் கேக்காமலே ஸ்பானர எடுத்து நீட்டுவான். கடைசில 500 ரூபா அட்வான்ஸ் வாங்கிக்கிட்டுதான் வண்டிய வெளிய விட்டாரு.

நேரா கொசப்பேட்டை பாயோட சைக்கிள் கடை. அவர்கிட்ட வாடகைக்கு சைக்கிள் எடுத்தவங்களுக்கு கடைய சொல்ல வேணாம். இப்ப வாடகை சைக்கிள் ஒன்னு கூட இல்ல, பம்ப் மட்டும் அதே பம்ப்பு.

பாய் வண்டிய பாத்து "ராலேதான்"னாரு, அவ்ளோதான், அதுக்கப்பறம் பேச்சே இல்ல. பின் வீல கழட்டிட்டு அச்சு மாட்டுற இடத்துல நூல கட்டி, முன்னாடி கழுத்த சுத்திக் கொண்டாந்து அந்தப் பக்கம் இழுத்துக் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவுல இருக்க கேப்ப ரெண்டு பக்கமும் ஸ்கேல் வெச்சு அளந்தாரு. ரெண்டும் சமமா இருக்கணும், இதுல இடது பக்கம் கால் இஞ்ச் கூட. "பின்னாடி வளைஞ்சிகீது நைனா." அப்பறம் என் விரல புடிச்சு கழுத்துக்கு கொஞ்சம் கீழ, கீழ்க்குழாயோட அடிப்பக்கம் தடவ வெச்சாரு. கண்ணுக்கு ஒன்னும் தெரியல, விரலுக்கு பெயிண்டுக்கு அடில சின்ன நெளிவு தட்டுது. முன்னாடி எங்கயோ பலமா மோதுன வண்டி.

சீட் போஸ்ட்டு துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, டீசல் ஊத்தி, ஒரு டீ குடிச்சு, முறுக்கி உருவினாரு. பக்கத்து லேத்துல வெர்னியர் வெச்சு அளந்தா போஸ்ட்டு 25.4 மில்லிமீட்டர். நல்ல 531 ஃபிரேம்னா பொதுவா 27.2 போஸ்ட்டு போகும். வெளிய குழாய் ஒரே சைஸ்தான், உள்ள ஓட்டை சின்னதுன்னா குழாய் தடிமன் ஜாஸ்தி, அதாவது சாதா கனமான ஸ்டீல். எவனோ ராலேயோட 'ஸ்போர்ட்ஸ்'ங்கற சாதா மாடல்ல வளைஞ்ச ஹேண்டில மாட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். டயர் 26 x 1⅜, அது மட்டும் நம்ம ஊர்லயே கெடைக்கும், ஒரே ஆறுதல்.

"மூணாயிரத்துக்கு மேல குடுத்த, அப்பறம் ரிப்பேருக்கு என்கிட்ட வராத"ன்னுட்டாரு. கூலி எவ்ளோ பாய்னா முப்பது ரூபாயாம்! இங்க இதுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கவே அடுத்த வாரம் ஆகும், நாப்பது பவுண்டு வாங்கிட்டு ஒரு ஃபார்ம்ல டிக் அடிச்சுக் குடுப்பான், நூல் கட்டிப் பாத்ததா எனக்கு ஞாபகமே இல்ல. நூறா வெச்சுட்டு வந்தேன், மீதிய பையன ஓடவிட்டு திருப்பிக் குடுத்துட்டாரு மனுஷன்.

அட்வான்ஸ் 500 இன்னும் சத்துவாச்சாரிலதான் இருக்கு. நேத்து அவர்கிட்ட இருந்து மெசேஜ், புது போட்டோவோட: "சார், ஸ்டிக்கர பிச்சிட்டேன், 12,000 ஓகேவா?"