வேர்ட் மெயில் மெர்ஜில் நிபந்தனை ஃபீல்டுகள்: ஆறு வருட அனுபவம்

எங்கள் வாசகர் சங்கத்தில் உறுப்பினர்கள் 400 சொச்சம் பேர். வருடா வருடம் மார்ச்சில் எல்லோருக்கும் கடிதம் போகும். கடிதம் ஒன்றுதான். ஆனால் பாக்கி வைத்திருப்பவருக்கு ஒரு பத்தி, கட்டி முடித்தவருக்கு ஒரு நன்றி வரி, கௌரவ உறுப்பினருக்கோ சந்தா என்ற பேச்சே வரக்கூடாது. பட்டியல் எக்செல்லில், கடிதம் வேர்டில். இரண்டையும் இணைத்து ஆளுக்கொரு கடிதம் எடுப்பதுதான் மெயில் மெர்ஜ். ஆறு வருடமாக நான்தான் இதை ஓட்டுகிறேன்.

முதல் வருடம் எல்லோரும் விழும் பள்ளத்தில் நானும் விழுந்தேன். கடிதத்தில் ஆளுக்கு ஆள் மாறும் இடத்தில் வைக்கும் குறியீடுதான் ஃபீல்டு. அதன் நெளிவு அடைப்பை விசைப்பலகையில் தட்டினால் அது வெறும் எழுத்துதான். கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் வருவதுதான் உண்மையான அடைப்பு. ரூல்ஸ் மெனுவில் இருக்கும் 'இஃப் தென் எல்ஸ்' ('இப்படியென்றால் இது, இல்லையெனில் அது') பெட்டி ஒரு நிபந்தனைக்குப் போதும். ஒன்றுக்குள் ஒன்று வைக்க வேண்டுமென்றால் ஆல்ட் எஃப்9 அழுத்திக் குறியீட்டைத் திறந்து கையால்தான் எழுத வேண்டும். சமக்குறிக்கு இரு பக்கமும் இடம் விட மறந்து ஒரு மாலைப்பொழுதே போனது.

தேதியிலும் ஒரு கூத்து. தேதி வடிவத்தில் மாதத்துக்குப் பெரிய எம் போட வேண்டும். சின்ன எம் என்றால் நிமிடம். கடைசித் தேதி '31-00' என்று அச்சாகி வந்ததை நல்லவேளை உறை ஒட்டுவதற்குள் பார்த்துவிட்டோம்.

மூன்றாம் வருடம்தான் பெரிய அடி. கடிதம் போய் நான்கு நாள் கழித்துச் சங்கத்தைத் தொடங்கிய அண்ணாச்சி ஃபோன் செய்தார். "என்ன தம்பி, எனக்கே சந்தா நோட்டீஸா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவரோடு இன்னும் பத்துப் பேருக்கு அப்படிப் போயிருந்தது. மற்ற கௌரவ உறுப்பினர்களுக்குச் சரியாகவே போயிருந்தது.

இஃப் குறியீட்டைப் பத்து முறை படித்தேன், தப்பே இல்லை. கடைசியில் எக்செல்லில் 'வகை' என்ற நெடுவரிசைக்கு ஃபில்டர் போட்டேன். 'கௌரவ' என்ற சொல் பட்டியலில் இரண்டு முறை இருந்தது! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்தையும் துணைக்குறியையும் தனித்தனியாக எண்ணும் லென் சூத்திரத்தைப் பக்கத்துக் கட்டத்தில் போட்டதும் குட்டு உடைந்தது: ஒன்றுக்கு 4, மற்றொன்றுக்கு 5. சிலர் ஔகாரக் குறியைத் தட்டாமல், ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டியிருக்கிறார்கள். நமக்கு அது 'கௌ', கணினிக்கு அது 'கெ'யும் 'ள'வும். நிபந்தனை பொய்யாகி, 'இல்லையெனில்' பகுதியில் இருந்த சந்தாப் பத்தி அச்சாகிவிட்டது.

அன்றோடு தமிழ்ச் சொல்லை வைத்து நிபந்தனை எழுதுவதை விட்டேன். வகை நெடுவரிசையில் இப்போது யாரும் தட்டச்சு செய்ய முடியாது; கீழிறங்கு பட்டியலில் தேர்ந்தெடுக்க மட்டும்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு சூத்திரம் 1, 2, 3 என்று எண் கொடுக்கும். வேர்ட் பார்ப்பது அந்த எண்ணை மட்டும். சிக்கலான கணக்கெல்லாம் எக்செல்லிலேயே முடிந்துவிடுவதால் வேர்டில் அடுக்கடுக்கான இஃப் தேவைப்படுவதே இல்லை. தப்பு வந்தாலும் பட்டியலில் கண்ணெதிரே தெரியும். அடைப்புகளை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

இஃப் இல்லாமலே முடிகிற வேலையும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. முகவரியில் அடையாளம் சொல்ல ஒரு வரி வைத்திருந்தேன்: 'பிள்ளையார் கோயில் அருகில்' என்பது போல. அடையாளம் இல்லாதவர் உறையில் 'அருகில்' மட்டும் அநாதையாக நின்றது. மெர்ஜ் ஃபீல்டுக்குள், பெயருக்குப் பின் ஒரு பின்சாய்வுக் கோடும் சின்ன எஃப்பும் (\f) போட்டு மேற்கோளுக்குள் அந்தச் சொல்லை எழுதினால் போதும். ஃபீல்டில் ஏதாவது இருந்தால் மட்டும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். முன்னால் ஒட்ட வேண்டுமென்றால் எஃப்புக்குப் பதில் பி (\b).

இன்னமும் எரிச்சல் தருவது வெற்று வரிகள்தான். நிபந்தனை பொய்யானால் பத்தி மறையும், அதன் என்டர் மட்டும் நிற்கும். அந்த என்டரையும் இஃப் குறியீட்டின் மேற்கோளுக்கு உள்ளே வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அப்புறம் குறியீடு பார்க்கவே கண்றாவியாக இருக்கும்.

இப்போது மெர்ஜ் முடிந்ததும் நேரே பிரிண்டருக்கு அனுப்புவதில்லை. தனி டாக்குமென்டாக எடுத்து வகைக்கு இரண்டு கடிதம் படிக்கிறேன். அண்ணாச்சி கடிதத்தை மட்டும் முதலில் தாளில் எடுத்து, வரி வரியாகப் படித்த பிறகுதான் மற்றதை ஓட்டுவது.