பதினொரு வருஷம் ஆங்கிலத்தில் நேரம் சொல்லிப் பார்த்த பிறகு

அடுத்த மாதம் இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வேலைக்கு வரும் நண்பன், "அங்கே இங்கிலீஷில் எதுடா கஷ்டம், உச்சரிப்பா?" என்று கேட்டான். உச்சரிப்பெல்லாம் ஆறு மாதத்தில் காதுக்குப் பழகிவிடும். எனக்கு இன்னும் பழகாதது அவர்கள் நாளையும் நேரத்தையும் சொல்கிற விதம்.

பிடித்ததும் இருக்கிறது. 'ஃபார்ட்நைட்' எனக்கு உயிர். பதினான்கு இரவு என்ற பழைய ஆங்கிலச் சொற்கள் ஒட்டிப் பிறந்தது அது. இரண்டு வாரத்தை நாம் பதினைந்து நாள் என்போம், அவர்கள் இரவை எண்ணிச் சரியாகப் பதினான்கில் நிறுத்தியிருக்கிறார்கள். இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு ஏன்தான் 'பைவீக்லி' என்கிறார்களோ, அதற்கு வாரம் இருமுறை என்றும் பொருள், இரு வாரத்துக்கு ஒருமுறை என்றும் பொருள். அப்புறம் 'லாங் டே'. சாயங்காலம் கோட்டை மாட்டிக்கொண்டே ஒருவர் அதைச் சொன்னால் மணிக்கணக்கைச் சொல்லவில்லை, மனசு களைத்துப்போனதைச் சொல்கிறார்.

ஆனால் 'முன்னால்' என்று பொருள்படும் 'ஃபார்வர்ட்' என்ற ஒரு சொல்லை என்னால் மன்னிக்கவே முடியாது. போன வாரம் புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'ஃபார்வர்ட்' நகர்த்தியதாகச் செய்தி வந்தது. நான் வெள்ளி என்று நினைத்தேன், அவர்கள் திங்களே நடத்தி முடித்துவிட்டார்கள், ஐந்து வாரம் நான் உட்கார்ந்து செய்த வேலையை வேறொருவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இது என் ஆங்கிலத்தின் குறை இல்லை. உளவியல் ஆய்வாளர்கள் லேரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதே புதன்கிழமைக் கேள்வியைத்தான் கேட்டார்கள். பதில் திங்கள், வெள்ளி என்று பிரிந்தது. விமான நிலையத்தில், யாரையோ அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள் வெள்ளி என்று அதிகம் சொன்னார்கள். அதாவது பயணம் செய்துவிட்டு வந்தால் கிழமையே மாறுகிறது!

தமிழில் 'தள்ளி வெச்சாச்சு' என்றால் பிந்திதான், 'முன்னாடியே வெச்சாச்சு' என்றால் முந்திதான். நம் ஊர் ஆங்கிலத்தின் 'ப்ரீபோன்' (முன்கூட்டியே வைப்பது) என்ற சொல்லிலும் இந்தக் குழப்பம் கிடையாது, அதைத் தப்பு என்று திருத்துகிறவர்களோடு நான் சண்டை போடத் தயார்.

நண்பனிடம் சொல்லிவிட்டேன்: பேச அருமையான மொழி, ஆனால் நாள் குறிக்க அதை நம்பாதே, யார் என்ன சொன்னாலும் தேதியை எண்ணில் எழுதி வாங்கு. இந்தத் திங்களுக்கு அப்புறம் நானும் அப்படித்தான் கேட்கிறேன்.