இடைவெளி நீக்கும் ஷெல் கருவிகள்: தமிழ்ப் பெயர்ப் பட்டியலை வைத்து ஒரு மதிப்பீடு

ஒரு சிற்றிதழின் சந்தாதாரர் பட்டியலைச் சுத்தம் செய்து, முகவரிச் சீட்டு அச்சடிக்கக் கொடுப்பது என் வேலை. பட்டியல் எக்செலில் இருந்து சிஎஸ்வி கோப்பாக வரும். பெயருக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ், பின்னால் ஒரு டேப், பின்கோடுக்கு நடுவில் ஒரு இடைவெளி என்று எதுவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு ஸ்பேஸால் மீனாட்சி என்ற வாசகர் கணினிக்கு இரண்டு பேராகிவிடுவார். இதழும் இரண்டு பிரதி போகும். இதைச் சரிசெய்ய லினக்ஸின் ஷெல்லில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், கூடவே வரும் கருவிகளே போதும். ஆனால் எல்லாம் தமிழுக்கு ஒத்துவருவதில்லை.

எழுத்துகளை மாற்றவும் நீக்கவும் உதவும் டிஆர் (tr) கட்டளையில் தொடங்குகிறேன். பலரும் முதலில் கைவைப்பது அதில்தான். பின்கோடுக்கும் தொலைபேசி எண்ணுக்கும் இதைவிடச் சுலபமானது இல்லை. ‘625 001’ என்பதை ஒரே வரியில் ‘625001’ ஆக்கிவிடும். எதை நீக்க வேண்டும் என்பதற்கு ‘ஸ்பேஸ்’ என்ற எழுத்து வகுப்பைக் ([:space:]) கொடுத்தால் வரி முடிவையும் சேர்த்து நீக்கி, மொத்தப் பட்டியலையும் ஒரே வரியாக்கிவிடும். ‘பிளாங்க்’ வகுப்பைக் ([:blank:]) கொடுத்தால் ஸ்பேஸும் டேப்பும் மட்டும் போகும். எண்களுக்கு மட்டும் என்றால் முழு மதிப்பெண் தருவேன்.

பெயர்களுக்கு என்றால் கதை வேறு. எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், ஒவ்வொரு உயிர்க்குறிக்கும் மூன்று பைட். லினக்ஸில் இருக்கும் குனூ டிஆர் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். யூடிஎஃப்-8 உருவானது 1992இல். டிஆர் அதற்கு மிக முந்தைய, ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்றிருந்த காலத்தின் கருவி. எக்செலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமித்தால் கோப்பின் தலையில் பிஓஎம் (BOM) என்ற, கண்ணுக்குத் தெரியாத அடையாளக் குறியின் மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும்: ஈஎஃப், பிபி, பிஎஃப். இவற்றை நீக்கு என்று டிஆரிடம் சொன்னால், மூன்றும் சேர்ந்து வரும் இடத்தை அது தேடாது. மூன்றில் எது எங்கே இருந்தாலும் எடுத்துவிடும். ‘ி’ என்ற குறியின் கடைசி பைட்டும் அதே பிஎஃப்தான். பட்டியலில் உள்ள அத்தனை ‘ி’யும் உடைந்து கேள்விக்குறிக் கட்டமாகும்.

வலைப்பக்கங்களில் இருந்து ஒட்டும்போது வரும் அகலமற்ற இடைவெளியும் அப்படித்தான். அதன் பைட்டுகள் ஈ2, 80, 8பி. ‘ீ’ முடிவது 80இல், ‘ோ’ முடிவது 8பியில். மீனாட்சியும் சோமுவும் ஒரே கட்டளையில் சிதைவார்கள். வேர்டில் இருந்து வரும் நோ-பிரேக் ஸ்பேஸின் (அந்த இடத்தில் வரி உடையாமல் தடுக்கும் இடைவெளி) சி2, ஏ0 இரண்டும் தமிழ் எழுத்து எதிலும் இல்லை என்பதால் அங்கே மட்டும் தப்பிக்கிறோம். அது தற்செயல், டிஆரின் திறமை அல்ல. இணையத்தில் கிடைக்கும் ஒருவரித் தீர்வுகள் ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதிக்கப்பட்டவை. தமிழ்ப் பட்டியலில் ஓட்டும்முன் தயவுசெய்து ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வருவதை இன்னொரு கட்டளைக்கு எடுத்துக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸை (xargs) வைத்து இடைவெளி நீக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மேற்கோள் குறிகளையும் பின்சாய்வுக் கோட்டையும் தின்றுவிடும். டி'சூசா என்று ஒரு பெயர் வந்தால் மூடாத மேற்கோள் என்று பிழை சொல்லி நின்றுவிடும்.

ஒவ்வொரு வரியையும் புலம் புலமாகப் பிரித்துப் பார்க்கும் ஆக் (awk) நல்லது. முதல் புலத்தை அதற்கே திரும்பக் கொடுக்கும் பழைய உத்தியில் இரு முனையும் சுத்தமாகி, நடுவில் இரண்டு மூன்று ஸ்பேஸ் இருந்தால் ஒன்றாகச் சுருங்கும். ‘கா.  முருகன்’ போன்றவற்றுக்கு இதுதான் வேண்டும். விண்டோஸ் கோப்பில் வரி முடிவில் வரும் கேரேஜ் ரிட்டர்னை மட்டும் விட்டுவிடும்.

முழுக் கோப்பு என்றால், விதி கொடுத்து வரிகளைத் திருத்தும் செட் (sed)தான் என் தேர்வு. வரித் தொடக்கத்துக்கு ஒரு விதி, முடிவுக்கு ஒரு விதி, அவ்வளவுதான். ஸ்பேஸ் வகுப்பைப் பெயர் சொல்லி எழுதினால் கேரேஜ் ரிட்டர்னும் போகும், மேக்கிலும் அதே வரி ஓடும். பின்சாய்வுக் கோடும் எஸ்ஸும் சேர்ந்த சுருக்கம் (\s) குனூவின் சொந்தச் சேர்க்கை, அதை நம்ப வேண்டாம். லினக்ஸில் நோ-பிரேக் ஸ்பேஸ் அந்த வகுப்பில் சேராது. அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். பிஓஎம்மை எடுக்கவும் செட் பாதுகாப்பானது. மூன்று பைட்டும் அதே வரிசையில், முதல் வரியின் தலையில் இருந்தால்தான் எடுக்கும்.

ஆனால் ஒரு மாறியில் இருக்கும் ஒரே பெயருக்காக ஒவ்வொரு முறையும் செட்டைக் கூப்பிடுவது வீண். சுற்று ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு ப்ராசஸ் தொடங்கும், பட்டியல் நீண்டால் நன்றாகவே தெரியும். அங்கே பாஷ் (bash) என்ற ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் மாறி விரிவாக்கம்தான் சிறந்தது. # முன்பக்கம் வெட்டும், % பின்பக்கம் வெட்டும். இரட்டித்தால் எவ்வளவு நீளம் பொருந்துகிறதோ அவ்வளவும் வெட்டும். இடைவெளி அல்லாத முதல் எழுத்திலிருந்து கடைசிவரை %% கொண்டு வெட்டினால், மிஞ்சுவது முன்னால் இருந்த இடைவெளி மட்டும். அதை # குறியிடம் கொடுத்தால் அசல் சரத்தின் தலைப்பக்கம் சுத்தம். வால்பக்கத்துக்கு இதையே திருப்பிப் போட வேண்டும். எழுதிவைத்தால் பார்க்கக் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துவிட்டால் அப்புறம் அதைப் பார்க்கவே வேண்டாம். பைட்டைத் தனித்தனியாகப் பிய்க்காது என்பதால் தமிழுக்கு நான் முழுதாக நம்புவது இதைத்தான்.

வரிவரியாகப் படிப்பதற்கு பாஷின் ரீட் (read) கட்டளையே முனைகளில் உள்ள ஸ்பேஸையும் டேப்பையும் எடுத்துவிடும். ஆர் என்ற தேர்வைச் (-r) சேர்க்காவிட்டால் பின்சாய்வுக் கோடு காணாமல் போகும்.

யூனிகோட் எண்ணைக் கொடுத்து ஒரு எழுத்தை நீக்கும் வசதி பாஷ் 4.2இல்தான் வந்தது. மேக்கில் கூட வருவது இன்னும் 3.2. அங்கே அதே எழுத்தின் பைட்டுகளை வரிசையாகக் கொடுங்கள், வேலை செய்யும். இன்னொன்று: அகலமற்ற இணைப்பறுப்பான் என்ற குறியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். ‘க்ஷ’ சேர்ந்துகொள்ளாமல் க், ஷ என்று பிரித்து எழுத விரும்பியவர்கள் அதை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள்.