ஓட ஆரம்பிக்க எது நல்லது: கவுச் டு 5கே, காலோவே, ஸ்லோ ஜாகிங்?

நாப்பது வயசுக்கு மேல ஓட ஆரம்பிச்சு ரெண்டே வாரத்துல விட்டவங்கள நிறைய பாத்துருக்கேன், பெரும்பாலும் காரணம் வேகம்தான். ஸ்கூல்ல ஓடின ஞாபகத்துல முதல் நாளே பாய்ஞ்சுடறாங்க. அதனால இந்த மூணு முறையையும் நான் ஒரே ஒரு விஷயத்த வெச்சுதான் பாக்கறேன், மறுநாளும் ஓடணும்னு மனசு வருதா இல்லையா.

எல்லாருக்கும் தெரிஞ்சது கவுச் டு 5கே, அதாவது சோபால உக்காந்திருக்கறவங்கள 5 கிலோமீட்டர் ஓட வைக்கறது. 1996ல ஜாஷ் கிளார்க் போட்ட திட்டம், 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரம் 60 செகண்ட் ஓட்டம் 90 செகண்ட் நடை, இதையே 20 நிமிஷம். ஆப் போட்டுட்டா அதுவே சொல்லிடும், நாம யோசிக்க வேண்டியதில்ல, இலக்கு இருந்தாதான் எழுந்திருப்பேன்னு சொல்றவங்களுக்கு இது ரொம்ப நல்லது. சிக்கல் அஞ்சாவது வாரம். ரெண்டாவது நாள் 8 நிமிஷம் ஓடி, நடந்து, மறுபடி 8 நிமிஷம், அடுத்த தடவையே நிக்காம 20 நிமிஷம்! நிறைய பேர் பயந்து நிறுத்தறது இங்கதான். தேவைப்பட்டா அதே வாரத்த திரும்ப செய்யுங்க, தப்பே இல்ல. அப்புறம் கடைசில வர்ற 30 நிமிஷத்துல 5 கிலோமீட்டர் முடிக்கணும்னா மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் வேணும், புதுசா ஓடறவங்களுக்கு அது அதிகம், நிமிஷத்த மட்டும் பாருங்க, தூரத்த விட்டுடுங்க.

ஜெஃப் காலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடினவரு, அவரு சொல்றது களைச்ச பிறகு நடக்காத, களைக்கறதுக்கு முன்னாடியே நட. 30 செகண்ட் ஓட்டம் 30 செகண்ட் நடைன்னுகூட போகலாம். வெயிட் கொஞ்சம் அதிகமா இருக்கறவங்களுக்கும் 10 கிலோமீட்டர் ஓடணும்னு ஆசை இருக்கறவங்களுக்கும் இது பொருத்தம். ஆனா அடிக்கடி வாட்ச் பீப் பண்றது எனக்கு ஒத்துவரல.

என் ஓட்டு ஸ்லோ ஜாகிங்குக்குத்தான். ஜப்பான்ல ஃபுகுவோகா யுனிவர்சிட்டி பேராசிரியர் ஹிரோஆகி தனாகா சொன்ன முறை. இதுல ஓடற வேகத்துக்கு பேரு நிக்கோ நிக்கோ, ஜப்பான் பாஷைல சிரிச்ச முகம்னு அர்த்தம், அதாவது சிரிச்சு பேசிக்கிட்டே ஓடற வேகம். ஆரம்பத்துல மணிக்கு 4, 5 கிலோமீட்டரே போதும், சின்ன சின்ன அடியா நிமிஷத்துக்கு 180 அடி, குதிகால முதல்ல வைக்காம பாதத்தோட முன்பக்கம் படணும். வாக்கிங் போற மாமா நம்மள தாண்டிப் போவாரு, போகட்டும். மூச்சு வாங்காததால வீட்டுக்கு வரும்போது உடம்பு லேசா இருக்கும், அதுதான் மறுநாளும் கூப்பிடுது. சென்னை மாதிரி புழுக்கத்துல சாதாரண வேகத்துக்கே இதயத் துடிப்பு ஏறிடும், அதனால நம்மூருக்கு இது இன்னும் பொருந்தும்னு நினைக்கறேன். ஒரு குறை, முன்பாதத்துல ஓடறது பழகற வரைக்கும் கெண்டைக்கால் நல்லா வலிக்கும், மூச்சு பழகற அளவு சீக்கிரம் தசைநாண் பழகாது, அதனால ஆரம்பத்துல 10 நிமிஷத்துக்கு மேல வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் போங்க.

முதல் முறையையும் கடைசி முறையையும் கலந்தும் செய்யலாம், கவுச் டு 5கே அட்டவணைய வெச்சுக்கிட்டு ஓட்டம்னு வர்ற இடத்துல எல்லாம் தனாகா வேகத்துல போங்க, அந்த அஞ்சாவது வாரம் பயமுறுத்தாது. சுகர், பிரஷர், நெஞ்சுவலின்னு ஏதாவது இருந்தா மட்டும் முதல்ல டாக்டர பாத்துட்டு ஷூ வாங்குங்க.