சாங்கியிலிருந்து நியூயார்க்குக்கு: நாலு வருடக் கணக்கு

மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். நாலு வருடத்தில் ஆறு தடவை போய்வந்துவிட்டேன். அதில் நாலு தடவை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேர் விமானம், ரெண்டு தடவை ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் விமானம்.

முதல் தடவை கிளம்பும்முன் ஏதோ ஒரு தூரம் காட்டும் இணையதளத்தில் தட்டிப் பார்த்தேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர், 17 மணி நேரம் என்றது. டிக்கெட்டில் பார்த்தால் பதினெட்டரைக்கும் மேலே. ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அந்தத் தளம் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். காற்று அதன் கணக்கில் இல்லை.

பூமி உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள், தீர்க்கரேகைப்படி ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம், குறுக்கு வழி வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். ஆனால் போகும்போது விமானம் பெரும்பாலும் கிழக்கே திரும்பி பசிபிக் மேலே போகிறது. மேலே மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் பலமான காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், 16,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் பறந்தாலும் அதுவே லாபம். குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலம். ஒரு ஜனவரியில் சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொட்டது வரை 17 மணி 10 நிமிடம்தான், காலண்டர் பின்னால் குறித்து வைத்திருக்கிறேன். திரும்பும்போது ஒரு தடவை அட்லாண்டிக், ஐரோப்பா பக்கமாகவே கொண்டுவந்தார்கள், திரையில் அதைப் பார்த்துத் தப்பான விமானத்தில் ஏறிவிட்டோமோ என்று ஒரு நிமிடம் பக்கென்றது.

இந்த நேர் விமானத்துக்கென்றே உள்ள ஏர்பஸ் ஏ350 வகையில் மொத்தமே 161 இருக்கைதான், சாதாரண எகானமி கிடையாது. பிரீமியம் எகானமியில் கடைசி மூணு வரிசையில் சன்னலோரம் ஒற்றை இருக்கை இருக்கிறது, பக்கத்திலேயே சாமான் வைக்க ஒரு பெட்டி. தனியாகப் போகிறவர்களுக்கு அதுதான் சொர்க்கம், யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும். முதல் பயணத்தில் சோம்பல்பட்டு உட்கார்ந்தே கிடந்தேன், இறங்கும்போது கால் வீங்கி செருப்புக்குள் நுழையவில்லை, மாப்பிள்ளை முன்னால் வார் போடாமல் இழுத்துக்கொண்டே போனேன். இப்போதெல்லாம் இறுக்கக் காலுறை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பின்கட்டு வரை ஒரு நடை.

மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை நேர வித்தியாசம் சரியாக 12 மணி, முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், காலை மாத்திரை ராத்திரி மாத்திரை ஆகிவிடும். குளிர்காலத்தில் 13.

ஃபிராங்க்ஃபர்ட் வழி ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும், ஆனால் அதில் எகானமி உண்டு, நான் வாங்கிய ரெண்டு தடவையும் விலை நன்றாகவே குறைவு. நடுவில் இறங்கிக் காலை நீட்டியதும் எனக்குப் பிடித்தது. ஆனால் ராத்திரி தூக்கம் ரெண்டாக உடைந்து, மகள் வீட்டில் மூணு நாள் பேத்தியோடு சேர்ந்து நானும் பகலில் தூங்கினேன்.

அடுத்தது டிசம்பரில். வீட்டுக்காரரும் வருகிறார், ரெண்டு டிக்கெட் என்பதால் ஃபிராங்க்ஃபர்ட்தான்.