மனாஸ்லு போகிறவர்கள் பெர்மிட்டை உங்கள் கையில் வாங்கிப் படியுங்கள்

நேபாளத்தின் மனாஸ்லு மலைப் பாதையில், ஜகத் ஊர் செக்போஸ்ட்டில் இருந்த காவலர் எங்கள் பெர்மிட்டை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். தேதி இருந்த இடத்தில் விரல் நின்றது. "சும் பள்ளத்தாக்குக்கும் போறீங்களா?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றோம். தாளை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் சும் என்ற பேச்சே இல்லை. மனாஸ்லுவுக்கு மட்டும், அக்டோபர் 10 முதல் 16 வரை, ஏழு நாள். எங்கள் திட்டமோ ஜகத்திலிருந்து பதினைந்து நாள்.

அந்தத் தாளை நாங்கள் முதன்முதலில் பார்த்ததே அப்போதுதான். காத்மாண்டுவில் கேட்டபோது, "கைடு கிட்ட இருக்கும், தொலையாம பார்த்துக்குவார்" என்றார்கள். சரி என்று விட்டுவிட்டோம்.

இது 2023 அக்டோபரில் நடந்தது. நானும் கல்லூரி நண்பனும் போனோம். சென்னையில் ஒரு வாட்ஸ்அப் குழு மூலம் அறிமுகமான ஒருங்கிணைப்பாளரிடம் விமான டிக்கெட் நீங்கலாக ஆளுக்கு 78,000 ரூபாய் கட்டினோம். அவர் காத்மாண்டுவின் தாமேலில் உள்ள ஒரு ட்ரெக்கிங் ஏஜென்சிக்கு எங்களைக் கைமாற்றிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏமாற்றினார்களா, ஒருவரை ஒருவர் ஏமாற்றினார்களா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மனாஸ்லு 8,163 மீட்டர், உலகின் எட்டாவது உயரமான சிகரம். அதைச் சுற்றி வரும் பாதை திபெத் எல்லையை ஒட்டிப் போவதால் தடைசெய்யப்பட்ட பகுதி. 1991இல்தான் ட்ரெக்கிங் போகிறவர்களுக்குத் திறந்தார்கள். பக்கத்திலுள்ள சும் பள்ளத்தாக்கு 2008இல் திறந்தது, அதற்குத் தனி பெர்மிட். இரண்டையும் நேபாளக் குடிவரவுத் துறைதான் கொடுக்கும், அதுவும் நேபாளத்தில் பதிவு பெற்ற ஏஜென்சி வழியாக மட்டும். நாமே போய் வரிசையில் நின்று வாங்க முடியாது. ஏமாற்றுபவர்களுக்கு இதுதான் வசதி. எவெரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதை என்றால் ஒரு சீட்டு குறைந்தாலும் வழியிலேயே வாங்கிக்கொள்ளலாம். இங்கே செக்போஸ்ட் வந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

நாங்கள் போனபோது கட்டணம் இப்படி இருந்தது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மனாஸ்லுவுக்கு முதல் ஏழு நாளுக்கு 100 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 15 டாலர். சும் பள்ளத்தாக்குக்கு வாரம் 40 டாலர். இவை போக மனாஸ்லு, அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. வெளிநாட்டினருக்கு ஒவ்வொன்றும் 3,000 நேபாள ரூபாய். ஆனால் இந்தியர் உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 மட்டுமே. எங்களிடம் மனாஸ்லுவுக்கு ஒன்பது நாள், சும்முக்கு ஒரு வாரம், நுழைவுக் கட்டணம் வெளிநாட்டினர் விலையில் 6,000 என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வாங்கியிருந்தார்கள். அவர்கள் உண்மையில் கட்டியது 100 டாலரும் 2,000 நேபாள ரூபாயும். ஆளுக்கு எட்டாயிரம் இந்திய ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்த எட்டாயிரம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஜகத்திலிருந்து ஏஜென்சிக்குப் போன் செய்தோம். "சும்மை விட்டுடுங்க, மனாஸ்லுவை ஏழு நாள்ல முடிச்சிடலாம், எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றார். போனில் கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பவும் மனம் வரவில்லை. அந்த இரவு நாங்கள் எடுத்த முடிவு தப்பு. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

ஏழு நாளில் முடிக்க வேண்டுமென்றால் முதலில் பறிபோவது ஓய்வு நாள். மூவாயிரம் மீட்டர் தாண்டிவிட்டால், ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் ஐந்நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது மலையேற்றத்தின் பால பாடம். நாங்கள் நம்ரூங்கிலிருந்து, சுமார் 2,630 மீட்டர், ஒரே நாளில் 3,530 மீட்டரில் இருக்கும் சாமாகாவுனுக்கு ஏறினோம். வழக்கமாக அங்கே ஒரு நாள் தங்குவார்கள். நாங்கள் தங்கவில்லை. மறுநாள் காலையே சம்தோவுக்குக் கிளம்பிவிட்டோம்.

சம்தோவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய 'மணி' சுவரோரம் நண்பன் உட்கார்ந்தான். ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. கட்டப் பார்த்தான், கை சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வாந்தி. காலையிலிருந்தே தலைவலியாம், நேரம் போய்விடுமே என்று சொல்லாமல் வந்திருக்கிறான்.

எங்களோடு வந்த பையனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற கைடு ஒருவர், போர்ட்டர் ஒருவர் என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தார்கள். வந்தது இவன் ஒருவன்தான், வயது பத்தொன்பது. கைடு அட்டை கிடையாது, இந்தப் பாதையில் அதற்கு முன் இரண்டே முறை மூட்டை தூக்கி வந்திருக்கிறான். கிழிந்த ஷூவை நைலான் கயிற்றால் தைத்துப் போட்டிருந்தான். கைடுக்கென்று எங்களிடம் நாளுக்கு 30 டாலர் வாங்கிய ஏஜென்சி அவனுக்குப் பேசியது 1,200 நேபாள ரூபாய். காப்பீடு என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியவில்லை. நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்பார்கள். "தாய், தாய்" என்று கூப்பிட்டபடியே அவன் நண்பனின் வாயைத் தன் கழுத்துத் துணியால் துடைத்துவிட்டான். என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை, பாவம். ஆனால் விட்டுவிட்டு ஓடவில்லை. அவன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

சம்தோவில் எப்படியோ ஏஜென்சியைப் பிடித்தோம். அடுத்த நிமிடமே, "ஹெலிகாப்டர் அனுப்புறோம், இன்ஷூரன்ஸ் நம்பரைச் சொல்லுங்க" என்றார்கள். நண்பனின் நிலைமையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. தேவையில்லாத ஹெலிகாப்டர் மீட்புக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கறந்து, ஏஜென்சி, மருத்துவமனை என்று பங்கு போட்டுக்கொள்ளும் மோசடி நேபாளத்தில் 2018இலேயே வெளிவந்து, அரசு விசாரணை வரை போனது. அதைப் பற்றிப் படித்திருந்ததால் சட்டென்று எச்சரிக்கையானேன். தெளிவாகப் பேசுகிறானா, நேர்கோட்டில் நடக்கிறானா என்று பார்த்தேன். தள்ளாட்டம் இல்லை. இருந்திருந்தால் யோசிக்காமல் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டிருப்பேன், நீங்களும் கூப்பிட வேண்டும். நாங்கள் வெளிச்சம் இருக்கும்போதே கீழே சாமாகாவுனுக்கு இறங்கினோம். இரவு எட்டு மணிக்கு அவன் பூண்டு சூப் கேட்டான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

பாதையின் மிக உயரமான இடமான லார்க்யா கணவாயைப் பார்க்காமலே வந்த வழியே திரும்பினோம். ஜகத்துக்கு வந்தபோது பெர்மிட் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. காவலர் காரணம் கேட்டு எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்.

காத்மாண்டுவில் சுற்றுலாக் காவல் பிரிவுக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்தோம். அங்கே முதலில் கேட்டது பெர்மிட் கட்டிய ரசீதையும், எதெதற்கு எவ்வளவு என்று ஏஜென்சி எழுதிக் கொடுத்த தாளையும். எங்களிடம் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த மொத்தத் தொகை ஒன்றும், சில குரல் பதிவுகளும்தான். நல்லவேளையாக ஜகத்தில் பெர்மிட்டைப் போட்டோ எடுத்திருந்தேன், அதை வைத்துத்தான் பேச முடிந்தது. நீங்கள் போவதாக இருந்தால் ஜீப்பில் ஏறுவதற்கு முன்பே பெர்மிட்டை வாங்கி, உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பகுதி, முதல் தேதி, கடைசித் தேதி எல்லாவற்றையும் படித்துப் பாருங்கள். சும் போவதென்றால் அதன் பெயர் அதில் இருக்க வேண்டும். மலையில் ஒரு நாள் இரண்டு நாள் தள்ளிப்போவது சகஜம், அதற்கும் சேர்த்து நாள் வாங்கச் சொல்லுங்கள், கூடுதலாகும் 30 டாலரைப் பார்க்காதீர்கள். கைடின் உரிம அட்டையைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அங்கேயே நில்லுங்கள்.

ஆளுக்கு 18,000 ரூபாய் திரும்பி வந்தது. பையனுக்குப் பேசிய கூலியை ஏஜென்சி பாதிதான் கொடுத்தது, மீதியை நாங்கள் கொடுத்தோம். சென்னை ஒருங்கிணைப்பாளர் எங்கள் எண்களை பிளாக் செய்துவிட்டார். போன வாரம் வேறொரு குழுவில் அவருடைய புது விளம்பரத்தைப் பார்த்தேன். மனாஸ்லுவும் சும்மும் சேர்த்து, அதே 78,000, "பெர்மிட் கவலை உங்களுக்கு வேண்டாம்" என்ற அதே வரியோடு.