எட்டு வேட்டைக் காலமாக ஒரு சிவப்புப் புள்ளியுடன்

துவக்கில் பூட்டிக் குறி பார்க்கும் “லைற் எரியுற ஸ்கோப்” ஒன்று வாங்கிவிட்டேன் என்று சொன்னதும் ஊரிலுள்ள மச்சான் கேட்டது, “அப்ப ரோச் அடிச்ச மாதிரி மான் தெரியுமோ?” என்றுதான். தெரியாது. மான்மேல் ஒரு துளி வெளிச்சமும் விழாது. குறுக்குக்கோட்டின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் சிவப்பாக எரியும், அதுவும் ஸ்கோப்புக்குள் பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும். நோர்வேயில் மான் வேட்டையில் வெளிச்சம் அடிக்கக்கூடாது, இரவுக் காட்சி ஸ்கோப்பும் பூட்டக்கூடாது. இந்தப் புள்ளிக்குத் தடையில்லை.

நான் இருப்பது மேற்குக் கரையில், ஃபியோர்ட் எனப்படும், மலைகளுக்கிடையே நுழைந்த கடலின் ஓரமாக. இங்கே யோர்ட் என்று சொல்லும் செம்மான்தான் எங்கள் முக்கிய வேட்டை. செப்டெம்பர் 1 தொடங்கி டிசம்பர் 23 வரை. அது பகலெல்லாம் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காட்டுக்குள் படுத்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் புல்வெளிக்கு இறங்கும். நிலவில் காத்திருக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே எங்கள் வேட்டை பெரும்பாலும் கடைசி அரை மணித்தியாலத்தில்தான்.

முதல் மூன்று வருடம் புள்ளியில்லாத ஸ்கோப்தான் வைத்திருந்தேன். ஒரு ஒக்டோபர் மாலை, எண்பது மீற்றரில் ஒரு பெண்மான் பக்கவாட்டில் நின்றது. மானின் தலை, முதுகு, கால் எல்லாம் தெரிகிறது. கோட்டைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனால் கோட்டைக் காணவில்லை! கறுப்புக் கோடு கறுத்த உடம்பில் கரைந்துவிட்டது. துவக்கை மேலே தூக்கினால் வானத்தில் தெரிகிறது, இறக்கினால் மறைகிறது. மூன்று தரம் அப்படிச் செய்வதற்குள் மான் வேலியைத் தாண்டிப் போய்விட்டது. அந்த வருடமே 3-12×56 அளவில், அதாவது 3 முதல் 12 மடங்கு வரை பெரிதாக்கும், 56 மில்லிமீற்றர் முன்கண்ணாடியுள்ள, ஒளிரும் புள்ளியோடு ஒன்றை வாங்கினேன். புள்ளிக்காக மட்டும் ஏறக்குறைய 3000 குரோனர் கூடுதல்.

அடுத்த வருடம் அதே வயல், அதே மூலை. புள்ளியை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கி வைத்தேன். ஊசி முனையளவு சிவப்பு, தோளுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. மான் நாற்பது மீற்றர் ஓடி விழுந்தது.

இதுவரை கதை நன்றாகத்தான் இருக்கிறது. கடைக்காரர்களும் இதோடு நிறுத்திவிடுவார்கள்.

வாங்கும்போது எல்லாரும் புள்ளி எவ்வளவு பிரகாசம் என்றுதான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்க்கவேண்டியது அது எவ்வளவு மங்கலாகும் என்பதை. முதலில் கண்ணில் பட்டு நான் திருப்பிக் கொடுத்த ஒரு ஸ்கோப்பில், ஆகக் குறைந்த அளவே இருட்டில் சிகரெட் நுனி போல எரிந்தது. புள்ளியைச் சுற்றிச் சிவப்புப் பூத்துக் கிடந்தது, மானின் பாதி அதற்குள் போய்விட்டது. இருட்டுக்குப் பழகிய கண்ணும் கெட்டுவிடும், திரும்பப் பழகக் கன நேரம் வேண்டும். கடையின் குழல் விளக்குக்குக் கீழே எல்லாப் புள்ளியும் அழகுதான். வாங்குமுன் பின்னாலுள்ள சாமான் அறைக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இன்னொன்று, புள்ளி எரிவதால் மான் வெளிச்சமாகத் தெரியப்போவதில்லை. அது கண்ணாடியின் வேலை. 56 மில்லிமீற்றர் முன்கண்ணாடியை 8 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 7 மில்லிமீற்றர். 12 மடங்கில் ஐந்துக்கும் கீழே போய்விடும். இருட்டினால் நான் எட்டுக்கு மேல் திருப்புவதில்லை. வயது போகப் போகக் கண்மணி அவ்வளவு விரியாது என்பதால், எனக்கு அந்த ஏழும் முழுதாகப் பயன்படுவதில்லை என்பது வேறு கதை.

புள்ளி வாங்கிய பிறகு மூன்றாவது வருடம் நிலவில் ஒரு மான் வந்தது. புள்ளி அதன் நெஞ்சில், துல்லியமாக. விரல் விசையில். அப்போதுதான் யோசித்தேன், இது கன்றா, பெண்மானா, ஒரு வயதுக் கொம்பனா? எங்களுக்குச் சுட அனுமதி கிடைத்த மான்களில் அந்த வருடம் மீதியிருந்தது ஒரு கன்று மட்டும். புள்ளி தெளிவாகத் தெரிந்ததால் மானும் தெளிவாகத் தெரிகிறது என்று மூளை எண்ணிக்கொண்டது. பழைய ஸ்கோப்பில் கோடு மறைந்ததுமே நான் எழும்பி வீட்டுக்குப் போயிருப்பேன். இதில் அந்த எச்சரிக்கை கிடையாது. இப்போது முதலில் பைனாகுலரில் பார்த்து, என்ன மான் என்று சொல்ல முடிந்தால்தான் துவக்கைத் தூக்குகிறேன். இருட்டில் காயப்பட்ட மானைத் தேட நாய்க்காரரை ஒருமுறை எழுப்பியிருக்கிறேன். அந்த இரவு போதும்.

மூஸ் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் புள்ளி வேண்டுமா? எங்கள் குழு வருடத்தில் ஒரு கிழமை கரையை விட்டு உள்பகுதிக்குப் போகும். நல்ல பகல், குறித்த இடத்தில் நின்றால் நாய் விரட்டிக்கொண்டு வரும். அங்கே நான் புள்ளியைப் போட்டது இரண்டு தரம் இருக்கலாம், அதுவும் நிழல் காட்டுக்குள். ஓடும் மிருகத்துக்கு 1 மடங்கில் தொடங்கும் ஸ்கோப்பில் பகலிலும் பளிச்சென எரியும் புள்ளி உதவும் என்கிறார்கள், குழுவில் ஒருவர் அதைத்தான் வைத்திருக்கிறார். என்னுடையது மூன்றில் தொடங்குவது, அந்த வேலைக்குச் சரிவராது. பகல் மூஸ் மட்டும்தான் என்றால் அந்த 3000 குரோனரை நல்ல கண்ணாடிக்குப் போடுங்கள்.

குறைகள் பெரிதாக இல்லை. தடித்த கையுறையோடு குமிழைத் திருப்பினால் ஒரு கிளிக் கூடிவிடும். நான் வேண்டிய அளவில் வெள்ளைப் பெயின்ற் புள்ளி வைத்திருக்கிறேன். ஒரு நவம்பர், மைனஸ் 11இல், பெற்றரி சொல்லாமல் செத்தது. கோடு அப்படியே இருந்ததால் துவக்கு துவக்காகவே இருந்தது, ஆனால் மாலை வீணாகிவிட்டது. பக்கக் குமிழின் மூடிக்குள் மாற்றுப் பெற்றரி வைக்க இடம் இருப்பதை அதற்குப் பிறகுதான் கையேட்டில் வாசித்தேன்.

இப்போது ஒவ்வொரு ஓகஸ்டிலும், வருடாந்தச் சுடும் பரீட்சைக்குப் போகுமுன், புதுச் சிஆர்2032 பெற்றரி ஒன்று போடுகிறேன். பழையது குசினித் தராசுக்குப் போகிறது. அதில் அடுத்த கோடை வரை மா நிறுக்கலாம்.